துணை முதல்வர் பணியிடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கோலாலம்பூர் இடைநிலைப் பள்ளி ஒன்றில் துணை முதல்வர் பணியிடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறதே, யாரைக் கேட்பது என்று ஒரு தந்தை எழுதியிருந்தார். மாநிலக் கல்வி இலாகாவுக்கு எழுதுங்கள் என்று நான்கு வரியில் பதில் சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நான்கு வரி போதவில்லை என்பது இம்மாதம் வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. பணி ஓய்வுக்கு முன் இரண்டு பள்ளிகளில் அந்தப் பதவியில் நானே இருந்தவள் என்பதால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிடுகிறேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் தேசிய இடைநிலைப் பள்ளியில் மாணவர் நலப் பிரிவின் துணை முதல்வர் பணி ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். மீதியில் நம்மவர்களும் சீனர்களும் கிட்டத்தட்டச் சமம். பெற்றோரின் வேலைக்காகச் சபா, சரவாக்கிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அடுத்து வருபவர் இந்தியராக இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி மனுக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். கொடுக்கலாமா, அம்மா? நேர்காணலில் சங்கத்தின் சார்பில் ஒருவர் உட்கார வழியுண்டா?
– செயலவை உறுப்பினர், செந்தூல்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழியில்லை. நம் நாட்டில் அரசாங்க இடைநிலைப் பள்ளி தன் துணை முதல்வரைத் தானே தேடிக்கொள்வதில்லை. ஆசிரியரைப் பணியில் சேர்ப்பது 1974-இல் தொடங்கப்பட்ட கல்விச் சேவை ஆணையம். அதற்குப் பிறகு அவருடைய இடமாற்றமும் பதவி உயர்வும் கல்வி அமைச்சின் கையில் இருக்கின்றன. காலியிடத்தை மேலே தெரிவிப்பதும், அது நிரம்பும் வரை யாரைப் பொறுப்பில் வைப்பது என்று பரிந்துரைப்பதும்தான் பள்ளி முதல்வரால் ஆகக்கூடியவை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கோ, 1998-ஆம் ஆண்டின் விதிமுறைகள் பள்ளி நிர்வாகத்திலும் ஆசிரியரின் தொழில் சார்ந்த விவகாரங்களிலும் தலையிடக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. ஆகவே, நேர்காணல் அறையில் உங்களுக்கு நாற்காலி போடமாட்டார்கள்.

இனி மனுவைப் பற்றி. நானாக இருந்தால் அந்த மனுவில் கையெழுத்திடமாட்டேன். நம்மவர் ஒருவர் அந்தப் பதவிக்கு வருவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால், இனத்தை மட்டும் எழுதிக் கேட்கிற மனுவுக்கு இலாகாவிலிருந்து ஒரு வரிப் பதில்தான் வரும். அதற்குள் பள்ளியில் மற்றப் பெற்றோரின் காதுக்கு விஷயம் போய், வருகிற மனிதர் யாராக இருந்தாலும் ஒரு தரப்பின் ஆள் என்ற முத்திரையோடுதான் வாசலில் காலெடுத்து வைப்பார். இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். நான் பணியாற்றிய காலத்தில், தம் இனத்துப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார் என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தில் நம் பிள்ளைகளிடம் மட்டும் இரட்டிப்புக் கடுமை காட்டிய தமிழ்த் துணை முதல்வர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். கிளந்தானிலிருந்து மாற்றலாகி வந்து, மூன்று மாதத்திற்குள் படிவம் 1 (இடைநிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டு) பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் மனப்பாடமாக்கி, ‘சுப்பிரமணியம்’ என்பதைத் தடுமாறாமல் உச்சரிக்கப் பழகிக்கொண்ட ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் யாருடைய அறைக் கதவைத் தட்டினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பள்ளியில் காலியாக இருப்பது எந்தப் பணியிடம் என்பதில் கவனம் வையுங்கள். ‘துணை முதல்வர்’ என்று பொதுவாகச் சொன்னாலும், பெரும்பாலான பள்ளிகளில் மூவர் இருப்பார்கள். ஒருவர் நிர்வாகமும் பாடத்திட்டமும் பார்ப்பவர். முதல்வர் இல்லாத நாளில் அவர் இடத்தில் நிற்பவரும் அவரே. மற்றொருவர் புறப்பாட நடவடிக்கைகளைப் பார்ப்பவர். மூன்றாமவர்தான் மாணவர் நலப் பிரிவைப் பார்ப்பவர். ஆசிரியர் அறையில் அவரை ‘பி.கே. ஹெம்’ என்பார்கள். கட்டொழுங்கு, வருகைப் பதிவு, பாடநூல் இரவல், உதவித் தொகை, ஆலோசக ஆசிரியர், சிற்றுண்டிச் சாலை, கழிவறை வரை அவர் தலையில்தான். பல இனப் பிள்ளைகள் ஒரே வளாகத்தில் இருக்கும்போது உரசல் எங்கு எழுந்தாலும் அது முதலில் வந்து சேர்கிற மேசையும் அவருடையதே.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தைப்பூசம் முடிந்து பள்ளி திறந்த நாள். படிவம் 2 மாணவன் ஒருவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு வந்திருந்தான். வாசலில் நின்ற சட்டாம்பிள்ளை, பள்ளி விதிப்படி கையில் எதுவும் கட்டக் கூடாது என்று சொல்லி, கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னான். அவன் சீன மாணவன், நல்ல பிள்ளை, விதிப் புத்தகத்தை வரிக்கு வரி நம்புகிறவன். இவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் இருவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கூட்டத்தை வகுப்புக்கு அனுப்பினேன். இருவரையும் அறைக்குள் உட்கார வைத்து, கயிறு என்னவென்று அவனையே சட்டாம்பிள்ளைக்குச் சொல்லச் சொன்னேன். பால்குடத்தையும் விரதத்தையும் மலாய் மொழியில் தட்டுத் தடுமாறி அவன் விளக்கியபோது, மற்றவன் தன் பாட்டி கோயிலில் கட்டிவிடும் சிவப்புக் கயிற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். கயிறு கட்டியிருந்தவனின் அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். அவிழ்க்கும் நாளை அவரே சொன்னார். அதுவரை நீளக்கை சட்டை அணியலாம் என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். படம் எடுத்த இருவரின் கைப்பேசியைக் கையாண்டதுதான் உண்மையில் அன்றைக்குக் கடினமான வேலை. முழுவதும் முடிய இரண்டு பாடவேளை ஆனது. மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில், விதியை நான் தளர்த்திவிட்டேன் என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டார். குறைபட்டவர் நம்மவர்தான்.

இந்த வேலைக்கு எப்படிப்பட்டவர் தேவை என்பதை இலாகாவுக்குத் தெரிவிக்க உங்கள் சங்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது, அது தலையிடுவதும் ஆகாது. பள்ளியின் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி, முதல்வரிடம் கொடுத்து, கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவுக்கு அவர் வழியாகவே அனுப்புங்கள். எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வீட்டுமொழிகள், எத்தனை பேர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து தனியாக வந்து திரும்புகிறார்கள், எந்த வகுப்பில் வருகை குறைகிறது, தைப்பூசத்திற்கும் சீனப் புத்தாண்டுக்கும் அடுத்த நாளில் எத்தனை நாற்காலி காலியாக இருக்கிறது, நோன்பு மாதத்தில் நோன்பு இல்லாத பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கட்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். சிற்றுண்டிச் சாலை நோன்பு மாதத்திலும் திறந்திருக்க வேண்டும் என்று 2024-இல் கல்வி அமைச்சே சொல்ல வேண்டி வந்தது. அதைப் பள்ளியில் நடைமுறைக்குக் கொண்டுவருகிறவர் பி.கே. ஹெம்தான். ஆறு மாதக் காலியிடத்தால் எந்தெந்த வேலை நின்றிருக்கிறது என்பதையும் தேதியோடு எழுதுங்கள். குறைகூறும் தொனி வேண்டாம். கணக்கு எழுதுவதுபோல் எழுதினால் போதும். மலாய், சீனப் பெற்றோரும் அதில் கையெழுத்திடுவார்கள், அப்போது அது முழுப் பள்ளியின் கடிதமாகிவிடும்.

*

கேள்வி: தமிழ் பேசத் தெரியாத ஒருவர் தமிழ்ப் பெற்றோரிடம் எப்படிப் பேசுவார்? குறைந்தது தமிழ் தெரிந்தவராகவாவது இருக்க வேண்டாமா?
– வாசகி, கெப்போங்

பதில்: தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால், பெற்றோரிடம் பேசும்போது பக்கத்தில் தமிழாசிரியரையோ ஆலோசக ஆசிரியரையோ உட்கார வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்பவர் மட்டும் வேண்டாம். தன்மேல் வந்த புகாரைத் தானே அம்மாவுக்குத் தமிழில் சொல்லும் பதின்மூன்று வயதுப் பையன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான் என்பது உங்களுக்குத் தெரியாதா?

*

கேள்வி: எனக்கு வயது 46. சேவை 20 ஆண்டு. தமிழ்மொழியும் ஆங்கிலமும் கற்பிக்கிறேன். ஐந்து ஆண்டாக மொழித்துறையின் மூத்த ஆசிரியராக இருக்கிறேன். துணை முதல்வர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எங்கள் முதல்வர் வற்புறுத்துகிறார். காலமுறைப் பதவி உயர்வில் என் தரம் எப்படியும் உயரும். பிறகு எதற்கு இந்தச் சுமை என்கிறார் கணவர். எப்படியும் நம்மவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள் என்கிறார்கள் தோழிகள். உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.
– ஆசிரியை, பிறை

பதில்: உங்கள் கணவர் போட்ட கணக்கில் பிழையில்லை. சம்பளம் உயர்வதற்கு ஒருவர் நிர்வாகப் பதவிக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இன்றில்லை. வகுப்பறையிலேயே இருந்துகொண்டு காலமுறையில் தரம் உயரலாம். கற்பிப்பதில் சிறந்தவர்களுக்காக 1994-இல் கொண்டுவரப்பட்ட ‘சிறப்பாசிரியர்’ பாதையும் இருக்கிறது. பல இடைநிலைப் பள்ளிகளில் துணை முதல்வர் பதவிக்கு ஆள் முன்வராததற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம். பணத்துக்காக என்றால், வேண்டாம்.

உங்கள் தோழிகளின் பேச்சைத்தான் நான் அப்படியே ஏற்கமாட்டேன். கொடுக்கமாட்டார்கள் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஒரு பயிற்சிப் பட்டறையில் பத்துப் பதினைந்து தமிழாசிரியர்கள் மதிய உணவு மேசையில் இதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பப் படிவத்தை முழுமையாக நிரப்பியவர் இருவர்தான். பாகுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நேர்காணலுக்குப் போய், எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்காமல் திரும்பிய திறமைசாலிகளின் மனக்குமுறல் எனக்குத் தெரியும். ஆனால், பட்டியலில் இல்லாத பெயரை யாரும் நிராகரிக்கவே தேவையில்லையே.

இனிக் காகித வேலை. இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறோம். சொத்து அறிவிப்பை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது புதுப்பிக்க வேண்டும். ஊழல் தடுப்பு ஆணையத்தின் சோதனையில் பெயர் தூய்மையாக வர வேண்டும். கட்டொழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. கல்விக் கடனைக் கட்டாமல் இழுத்தடிப்பவராக இருக்கக் கூடாது. ஆண்டுதோறும் கொடுக்கப்படும் பணித்திறன் மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். என்னோடு பணியாற்றிய ஒருவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. கணவரோடு சேர்ந்து வாங்கிய வீட்டைச் சொத்துப் பட்டியலில் சேர்க்காமல் ஏழு ஆண்டு கழித்துவிட்டார். அழைப்பு வந்த பிறகு ஓடி ஓடிச் சரிசெய்தார். அதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டது. இன்றைக்கே உங்கள் சேவைப் பதிவேட்டைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, எதெது புதுப்பிக்கப்படாமல் இருக்கிறது என்று பாருங்கள்.

பொறுப்புக் கடிதம் கைக்கு வந்தால் அதில் உள்ள வினைச்சொல்லை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ‘மெனாங்கோங் கெர்ஜா’ என்றிருந்தால், காலியான பதவியின் வேலையையும் உங்கள் வேலையோடு சேர்த்துச் சுமக்கிறீர்கள் என்று பொருள். ‘மெமாங்கு’ என்றிருந்தால், பதவி உயர்வுக்கு முந்தைய படியில் நிற்கிறீர்கள். முதலாவதையே பதவி என்று நம்பி, வீட்டில் விருந்து வைத்து, ஓர் ஆண்டு கழித்து வேறொருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மனமுடைந்து போனவர்கள் உண்டு. அந்தப் பதவி அவர்களுக்கே என்று கடிதத்தில் எங்குமே எழுதியிருக்காது.

பின்னாளில் முதல்வராகும் எண்ணம் இருந்தால், அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் கல்வித் தலைவர்களுக்கான தேசியத் தகுதிப் பயிற்சிக்கு, ‘என்.பி.கியூ.இ.எல்.’ என்று சொல்வார்களே, அதற்கு இப்போதே ஆயத்தமாகுங்கள். துணை முதல்வரான பிறகு அதற்கு நேரம் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உணர்வீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஓர் அச்சம் கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிந்தது. தமிழாசிரியர் என்றால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆசிரியர் என்று பள்ளி நினைத்துவிடுகிறது, அந்த நினைப்பை நேர்காணலில் எப்படி உடைப்பது என்பதுதானே? அறைக்குள் போய் உடைக்க முடியாது. அதற்கு முன்பே உடைத்திருக்க வேண்டும். படிவம் 5 இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வின் செயலாளர் பொறுப்பு, விளையாட்டுப் போட்டி ஏற்பாடு, கட்டொழுங்குக் குழு, நேர அட்டவணைக் குழு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டையாவது ஏற்றுச் செய்தவராக நீங்கள் இருந்தால், உங்கள் கோப்பைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பொங்கல் விழாவும் தமிழ்மொழி வாரமும் மட்டும் கோப்பில் இருந்தால், குறை அவர்களுடையது மட்டுமன்று.

வீட்டிலும் ஒன்றைப் பேசி முடிவுசெய்யுங்கள். பதவி வந்தால் அது உங்கள் பள்ளியிலேயே வரும் என்ற உறுதி இல்லை. பிறையிலிருந்து நிபோங் திபாலுக்கோ, பாலம் தாண்டித் தீவுக்கோ நாள்தோறும் போய்வர வேண்டியிருக்கலாம். பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்பும் வாழ்க்கை அதோடு முடிகிறது. மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

*

கேள்வி: என் தங்கை 14 ஆண்டாக நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஆசிரியை. அவள் கற்பிக்கும் அரசாங்க இடைநிலைப் பள்ளியில் துணை முதல்வர் பதவிக்கு விளம்பரம் செய்திருக்கிறார்கள். விண்ணப்பக் கடிதம், நேர்காணல், எல்லாமே பள்ளியிலேயே நடக்குமாம். அவளுக்கு என்ன சொல்லலாம்? அந்த முறை இங்கு ஏன் இல்லை?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அங்கே 1989-இல் செய்த சீர்திருத்தத்தில் அரசாங்கப் பள்ளி ஒவ்வொன்றையும் ஒரு வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். வாரியத்தில் பெரும்பான்மையோர் பெற்றோரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். முதல்வருக்கும் ஆசிரியர்களின் பிரதிநிதிக்கும், இடைநிலைப் பள்ளி என்றால் மாணவர் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. ஆசிரியருக்கு வேலை கொடுப்பது அந்த வாரியம்தான். ஆகவே, செந்தூல் வாசகர் கேட்ட நாற்காலி அங்கே உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறது. இங்கு நாடு முழுவதற்கும் ஒரே கல்விச் சேவை. ஆசிரியர் அமைச்சின் ஊழியர். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரை எங்கும் அனுப்பலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றையும் கேட்க முடியாது. யாரும் போக விரும்பாத உள்ளூர்ப் பள்ளிக்கும் ஆள் அனுப்ப முடிவது நம் முறையின் நல்ல பக்கம். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்காமலே ஆள் வந்து இறங்குவது கெட்ட பக்கம். மிஷன் பள்ளிகளின் வாரியங்கள், தலைமை நியமனத்தில் தங்கள் கருத்தையாவது கேளுங்கள் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது இதனால்தான்.

தங்கைக்குச் சில சொற்கள். 2014-இல் வந்த சிறார் சட்டப்படி, பிள்ளைகளோடு வேலை செய்ய எடுக்கப்படுபவரின் அடையாளம், காவல்துறைப் பதிவு, கடந்த ஐந்து ஆண்டு வேலை விவரம், பரிந்துரைப்பவரின் சொல் ஆகியவற்றை அங்கே சரிபார்ப்பார்கள். வேலை விவரத்தில் இடைவெளி இருந்தால், அம்மாவைப் பார்க்கக் கோலாலம்பூர் வந்து நின்ற மாதங்களாக இருந்தாலும், அதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்களோடு பிரிட்டிஷ் அரசு 1840-இல் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தைப் பற்றி உறுதியாகக் கேட்பார்கள். புத்தகத்தில் படித்த பதில் எடுபடாது. அவள் வகுப்பில் மவோரி, சமோவா, தொங்காப் பிள்ளைகளுக்காக எதை மாற்றினாள், அது பலித்ததா என்று சொல்ல வேண்டும். அங்கே கூட்டங்களில் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போது மலை, ஆறு, முன்னோர் என்று தொடங்கிப் பிறகுதான் தம் பெயருக்கு வருவது மவோரி மரபு. ‘எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை’ என்று கேட்டுவிட்டுப் பெயரைக் கேட்கும் நம் பாட்டிமார்களுக்கு அது ஒன்றும் புதிதாகத் தோன்றாது. அதை அவள் அங்குள்ள மவோரி ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும். இரவல் வாங்கிய சொற்களை அரைகுறையாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மரியாதை.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரித்துவிடுங்கள். நம்மவர்கள் நேர்காணலில் ‘நாங்கள் செய்தோம்’ என்றே பேசுவோம். தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கூச்சம். எதிரே இருக்கும் நேர்காணல் குழுவினரோ அந்த ‘நாங்க’ளில் இவள் பங்கு எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். செய்ததை ‘நான்’ என்று சொல்வது தற்பெருமை ஆகாது என்று அக்காவோ அண்ணனோ சொன்னால் கேட்டுக்கொள்வாள். நீங்களே சொல்லுங்கள்.

இப்படிச் சொல்வதால் அந்த முறைதான் சிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மணி நேர நேர்காணல் வாய்ப்பேச்சுக்காரர்களுக்குச் சாதகமானது. வாரியத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தெருக்காரர்களாக இருந்தால், தங்களைப் போன்ற ஒருவரையே தேர்ந்தெடுக்கும் ஆசை அங்கும் உண்டு.

*

கேள்வி: நான் ஓர் இடைநிலைப் பள்ளி முதல்வர். நிர்வாகத் துணை முதல்வர் மாற்றலாகிவிட்டார். புதியவர் வரும் வரை பொறுப்பேற்க ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். என் முன் இரண்டு பெயர்கள். ஒருவர் 27 ஆண்டு சேவை செய்தவர், கண்டிப்பானவர், எல்லாரும் அவரையே எதிர்பார்க்கிறார்கள். மற்றவர் 13 ஆண்டுதான், ஆனால் பிள்ளைகளின் நிலை அறிந்தவர். மூத்தவரைத் தாண்டினால் ஆசிரியர் அறை இரண்டாகும். எதை வைத்து முடிவெடுப்பது?
– முதல்வர், பினாங்குத் தீவு

பதில்: சேவை ஆண்டையும் கண்டிப்பையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இருவர் கையிலும் நேர அட்டவணையைக் கொடுத்துப் பாருங்கள். நிர்வாகத் துணை முதல்வரின் உண்மையான வேலை அதில்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஒருமுறை இதே நிலை வந்தது. அப்போது நான் மாணவர் நலப் பிரிவில் இருந்தேன். விடுமுறை வாரத்தில் கணினி அறையில் உட்கார்ந்து, ஏ.எஸ்.சி. மென்பொருளில் அடுத்த தவணைக்கான அட்டவணையைப் போட்டுக்கொண்டிருந்தோம். அதில் ஒவ்வொரு பாடமும் ஒரு வண்ண அட்டையாக வரும். இடம் கிடைத்தவை கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கிடைக்காதவை திரையின் அடியில் வரிசையாகக் காத்திருக்கும். இரவு எட்டு மணிக்குத் திரையின் அடியில் எஞ்சியிருந்தவை நான்கே அட்டைகள். நான்கும் படிவம் 4 தமிழ்மொழி.

மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்து, ‘அதைச் சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம், வழக்கமாக அப்படித்தானே’ என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவரும் தமிழர்தான். இளையவர், சீனர், இயற்பியல் ஆசிரியை, என்னைப் பார்த்து, ‘சனிக்கிழமை பள்ளிப் பேருந்து ஓடுமா?’ என்று கேட்டார். ஓடாது. பதினெட்டுப் பிள்ளைகளில் பதினோரு பேர் பேருந்தில் வருபவர்கள் என்பது என் வருகைப் பதிவில் இருந்தது. அந்த இளையவர் மறுபடி உட்கார்ந்து, முன்பு போட்டு முடித்த மூன்று வகுப்புகளின் கட்டங்களைக் கலைத்தார். நன்னெறிக் கல்வியை ஒரு பக்கமும் காட்சிக் கலையை இன்னொரு பக்கமும் நகர்த்தினார். தம் சொந்த இயற்பியல் வேளையை வெள்ளிக்கிழமை கடைசிக்குத் தள்ளிக்கொண்டார். முடிய மறுநாள் மாலை ஆனது. அடுத்த தவணையில் அந்த வகுப்பில் பதினெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது. ஆனால், அந்த வசதி திங்கள் காலை பத்து மணிக்கா, யாரும் வர முடியாத சனிக்கிழமையிலா என்பதைத் தீர்மானிப்பது கணினி முன் உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர். தமிழ் என்று மட்டும் எண்ண வேண்டாம். சிறப்புக் கல்விப் பிள்ளைகள் மற்ற வகுப்போடு சேரும் வேளை, மலாய்மொழியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கான கூடுதல் வகுப்பு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகும் மாணவர்களின் நேரம், எல்லாமே இப்படி அடியில் காத்திருக்கும் அட்டைகள்தாம். அவற்றைப் பார்த்ததும் எழுந்துவிடுபவர் யார், திரும்ப உட்காருபவர் யார் என்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். இருவருக்கும் உங்கள் பள்ளியின் இடியாப்பச் சிக்கலான வகுப்பு ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் தனித்தனியே கூப்பிட்டு, எதை ஏன் நகர்த்தினார்கள் என்று கேளுங்கள். மூத்தவரே நன்றாகச் செய்திருக்கவும் கூடும். அப்படியானால் உங்கள் சங்கடம் அத்தோடு தீர்ந்தது.

இளையவர்தான் என்று முடிவானால், மூத்தவரிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் மற்றவர்களோடு சேர்ந்து அவர் அதைக் கேட்கக் கூடாது. உங்கள் அறைக்கு அழைக்காமல், அவர் இடத்துக்கு நீங்கள் நடந்து போங்கள். இளையவருக்கு என்னென்ன பொறுப்பு, புதியவர் வரும் வரை மட்டுமே என்பதை எல்லாம் எழுத்தில் கொடுங்கள். முக்கியமாக, அவருடைய பாடவேளைகளில் சிலவற்றைக் குறையுங்கள். முழு வகுப்பும் எடுத்துக்கொண்டு இந்த வேலையையும் செய்யச் சொன்னால், மூன்றாம் மாதத்தில் அவரும் சனிக்கிழமை என்றுதான் சொல்வார்.